மை ப்ளடி வாலண்டைனின் 'லவ்லெஸ்': முதல் தடவை கேட்டதில் சில சந்தேகங்கள்

புதுக்காது

90களின் சிறந்த ஆல்பம்னு யார் பட்டியல் போட்டாலும் மேலே வந்து நிற்கிற, மை ப்ளடி வாலண்டைன்ங்கிற ராக் குழுவோட 'லவ்லெஸ்' ஒருவழியா முழுசா கேட்டாச்சு. 11 பாட்டு, 48 நிமிஷம் சொச்சம். பிடிக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டது ஒழுங்கான கோப்புதானாங்கிற சந்தேகம் கடைசிவரை போகலை.

'ஒன்லி ஷாலோ' தொடக்கம் அபாரம். ஸ்னேர் ட்ரம்ல நாலு அடி, உடனே கிட்டார் மொத்தமா வந்து விழுது. அது அடங்கினதும் குழுவோட பாடகி பிலிண்டா புட்சர் பாடுறாங்க, ஆனா ஒரு வார்த்தைகூடப் பிடிபடலை. 'டச்டு' ஒரு நிமிஷம்கூட இல்லை, அது பாட்டா இடைச்செருகலா? 'டு ஹியர் நோஸ் வென்'ல ட்ரம்ஸ் இருக்கா இல்லையான்னே தெரியலை. அதோட சுருதி ஒரு இடத்துல நிக்கவே இல்லை, வெயில்ல கிடந்த கேசட் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கு. 'வென் யூ ஸ்லீப்'ல பாடுறது ஆணா பெண்ணா? மெட்டு மட்டும் நல்லா ஒட்டிக்கிச்சு. 'சம்டைம்ஸ்' கேட்ட உடனே பிடிச்சது. கடைசிப் பாட்டு 'சூன்' மத்த பத்தோட சேராத மாதிரி, ஆட வைக்கிற தாளத்துல போகுது.

என் சந்தேகங்கள்: குரலை இவ்வளவு உள்ளே தள்ளினது வேணும்னே செஞ்சதா, மிக்ஸிங் கோளாறா? சுருதி ஆடுறது எப்படி? இணையத்துல 1991, 2012, 2021னு பல பதிப்பு சொல்றாங்களே, எதைக் கேட்கணும்? இன்னொண்ணு, வீட்ல ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவ கிட்டாரும் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடலும் இருக்கு. இந்தச் சத்தத்துல கால்வாசியாவது வருமா?

கேட்ட விதம்: ஃபோன், ப்ளூடூத் இயர்போன், ஸ்ட்ரீமிங். பேஸ் பூஸ்ட் ஆன்ல இருந்தது.

---

கேசட்காலம்

முதல்ல அந்த பேஸ் பூஸ்ட்டை அணைங்க. இந்த ஆல்பத்துல கீழ்ப்பகுதியில பேஸும் கிட்டாரோட அடித்தளமும் ஏற்கெனவே ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டுத்தான் இருக்கு. அதுமேல இன்னும் 6 டெசிபெல் ஏத்தினா 'லூமர்', 'கம் இன் அலோன்' ரெண்டும் வெறும் குழம்பாத்தான் கேட்கும். ஈக்வலைசர் எல்லாத்தையும் பூஜ்யத்துல வையுங்க. ஃபோன்ல 'சரவுண்ட்', '3டி' மாதிரி ஏதாவது ஓடினா அதுவும் வேண்டாம்.

அடுத்தது இடைவெளி. ஆப்ல கேப்லெஸ் (பாட்டுக்கு நடுவுல வெட்டு விழாம ஓட்டுறது) ஆன்ல இருக்கணும், க்ராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடிவுமேல அடுத்ததைக் கலக்குறது) பூஜ்யமா இருக்கணும். நிறைய பேர் இதைக் கவனிக்கிறதில்லை. பல பாட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன வால் தொங்கும், அது அடுத்த பாட்டுக்குக் கொண்டுபோய் விடும். 'வாட் யூ வாண்ட்' முடிஞ்சப்புறம் புல்லாங்குழல் மாதிரி ஒரு சுழற்சி வருதே, அங்கே அரை விநாடி வெட்டு விழுந்தாலும் 'சூன்' திடீர்னு வேற ஆல்பத்துல இருந்து வந்த மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு அது ஒட்டாததுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். இன்னொரு காரணம், அது நிஜமாவே முந்தின பாட்டு: 1990ல 'க்ளைடர்' ஈபியிலேயே (சில பாட்டு மட்டும் உள்ள சின்ன வெளியீடு) வந்துடுச்சு. 'டு ஹியர் நோஸ் வென்' 1991 தொடக்கத்துல 'ட்ரெமலோ' ஈபியில வந்தது. ஆல்பம் 1991 நவம்பர்ல. ஷஃபிள் போட்டுக் கேட்கிறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

ப்ளூடூத் பத்தி. ஃபஸ் (சத்தத்தைக் கரகரப்பா உடைக்கிற எஃபெக்ட்) ஏறின கிட்டார் கிட்டத்தட்ட இரைச்சல் மாதிரி, எல்லா அதிர்வெண்ணையும் ஒரே நேரத்துல நிரப்பும். கோப்பைச் சுருக்குற முறைகளுக்கு இரைச்சல்தான் ரொம்பக் கஷ்டமான தீனி. குரலும் பியானோவும் மட்டும் உள்ள பாட்டு 128 கேபிபிஎஸ்ல தப்பிச்சுடும், இது தப்பாது. மேல்பகுதியில தண்ணி சலசலக்கிற மாதிரி ஒரு சத்தம் சேர்ந்துடும், அதை இசைக்குழு போட்டதுன்னு நினைச்சுக்குவோம். ஸ்ட்ரீமிங் தரத்தை உச்சத்துல வெச்சு, ஒரு தடவையாவது ஒயர் உள்ள ஹெட்ஃபோன்லயோ ஸ்பீக்கர்லயோ கேளுங்க. நான் ஸ்பீக்கர் கட்சி. அறையில காத்து அசைஞ்சாத்தான் 'ஐ ஒன்லி செட்' சரியா உட்காரும்.

பதிப்பு: 1991 சிடியோட ஒலி அளவு இன்னைக்குள்ள சிடிகளைவிடத் தாழ்வு. தப்பில்லை, வால்யூம் குமிழைக் கொஞ்சம் கூடுதலா திருப்பினா போதும். 2012ல சோனி ரெண்டு சிடியா வெளியிட்டாங்க. ஒண்ணு அன்னைக்கு சிடி போட வெச்சிருந்த டேப்ல இருந்து, இன்னொண்ணு அரை இன்ச் அனலாக் டேப்ல இருந்து. 2018 வாக்குல முழுக்க அனலாக் முறையில வெட்டின வைனல் வந்தது. 2021ல குழு டாமினோ லேபிளுக்குப் போனப்போ ஸ்ட்ரீமிங்ல எல்லாம் திரும்பி வந்துச்சு. ரெண்டு பதிப்பை ஒப்பிடணும்னா முதல்ல ஒலி அளவைச் சமப்படுத்துங்க, கம்ப்யூட்டர்ல ரீப்ளேகெயின் (பாட்டோட ஒலி அளவைக் கணக்கிடுற மென்பொருள் வசதி) ஸ்கேன் ஓட்டினா போதும். ஒரே ஒரு டெசிபெல் கூட இருக்கிறது எப்பவுமே 'தெளிவா' கேட்கும். பதிப்புச் சண்டையில பாதி இதைச் செய்யாம போடுறதுதான்.

---

நடுத்தந்தி

குரல் விஷயத்துக்கு வருகிறேன். அது கோளாறு இல்லை, முழுத் திட்டம்.

நம் காது பழகியது சினிமாப் பாட்டின் மிக்ஸுக்கு. அதில் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும், அதற்கு இடம்விட்டு மற்ற கருவிகளை ஒதுக்குவார்கள். குழுவின் கிட்டாரிஸ்டும் தயாரிப்பாளருமான கெவின் ஷீல்ட்ஸ் அந்த ஒதுக்கும் வேலையைச் செய்யவே இல்லை. ஒரு சொல்லை நமக்குப் புரியவைப்பது மெய்யெழுத்து. 'ஸ', 'ட', 'க' போன்ற ஒலிகளின் கூர்மை ஏறத்தாழ 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. ஃபஸ் கிட்டாரின் உரசலும் சரியாக அங்கேதான் குவிகிறது. இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் மெய் மறைந்துபோகும், கீழே இருக்கும் உயிரொலி மட்டும் தப்பும். அதனால்தான் மெட்டு தெளிவாக மனதில் நிற்கிறது, வார்த்தை நிற்பதில்லை. 'வென் யூ ஸ்லீப்' உங்களிடம் ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான். பாடல் வரிகளை அட்டையிலும் அச்சிடவில்லை. இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ காதால் கேட்டு எழுதியது, அதை வைத்துப் பொருள் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

அந்தப் பாட்டில் ஆணா பெண்ணா என்ற குழப்பத்துக்கும் காரணம் உண்டு. சரியான ஒரு டேக் (ஒருமுறை பாடிய பதிவு) எடுக்க முயன்று அலுத்துப்போய், பாடிய பன்னிரண்டு பதின்மூன்று டேக்கையும் ஷீல்ட்ஸ் ஒன்றாகப் போட்டுவிட்டார். ஒரே மெட்டு இம்மி இம்மியாகப் பிசகி இத்தனை அடுக்கு வந்தால், தொண்டைக்கு உரிய தனி அடையாளம் கரைந்துவிடும். புட்சரின் குரலில் இருக்கும் தூக்கக் கலக்கம் நடிப்பில்லை. விடியற்காலையில் அப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பிப் பாட வைத்தது உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

'நூறு கிட்டார் அடுக்கியிருக்கிறார்கள்' என்று படித்திருப்பீர்கள். நம்பாதீர்கள். ஷீல்ட்ஸ் திரும்பத் திரும்ப மறுத்த விஷயம் அது. கிட்டார் ட்ராக் எண்ணிக்கை சாதாரண ராக் ஆல்பத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கும் பாடல்கள் உண்டு. கோரஸ், ஃப்ளேஞ்சர் போன்ற அகலப்படுத்தும் எஃபெக்ட்களும் இல்லை. கிட்டார்கள் இடம் வலம் என்று விரியாமல் பெரும்பாலும் நடுவிலேயே குவிந்திருக்கின்றன. சோதித்துப் பார்க்கலாம்: ஃபோன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' இருக்கும். அதைப் போட்டுவிட்டு 'ஒன்லி ஷாலோ' கேளுங்கள். அகலமாக மிக்ஸ் செய்த ஆல்பம் என்றால் மோனோவில் சுருங்கிப்போகும். இது பெரிதாகச் சுருங்காது. ஒரு டேக் ஆழமாக இருந்தால் அகலம் தேவையில்லை என்பதுதான் இங்கே நடந்திருப்பது. ஷூகேஸ் (இந்தக் கலங்கிய கிட்டார் பாணி) என்ற பெயரில் பின்னால் வந்த பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பெடலாக வாங்கிக் குவித்தார்கள்.

'ஒன்லி ஷாலோ'வில் வரும் அந்த அலறல் எப்படி வந்தது என்றும் ஷீல்ட்ஸ் விளக்கியிருக்கிறார். இரண்டு ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) எதிரெதிராக முகம் பார்த்து நிற்கும். இரண்டிலும் ட்ரெமலோ வெவ்வேறு வேகத்தில் ஓடும். நடுவில் ஒரு மைக். அப்படிப் பதிந்ததைச் சாம்ப்ளர் (பதிந்த ஒலித்துண்டைத் திரும்ப ஓட்டும் கருவி) வழியாகப் பின்னோக்கி ஓட்டி, முன்னோக்கிய பதிவின் மேலேயே சேர்த்தார்கள். (ஆம்பில் உள்ள ட்ரெமலோ ஒலி அளவை ஏற்றி இறக்குவது. கிட்டாரில் உள்ள ட்ரெமலோ ஆர்ம் சுருதியை ஏற்றி இறக்குவது. பெயர் ஒன்று, வேலை வேறு.) புல்லாங்குழல், கீபோர்டு போல ஒலிப்பவற்றிலும் பல, கிட்டாரின் ஃபீட்பேக்கை (ஆம்ப் சத்தம் திரும்ப கிட்டாருக்குள் போய் எழும் ஊளை) சாம்ப்ளரில் ஏற்றிக் கட்டைகளில் வாசித்தவைதான்.

ட்ரம்ஸ் பற்றி. ட்ரம்மர் கால்ம் ஓ கீசோக் அந்தக் காலத்தில் உடல்நலம் குன்றியிருந்தார். அவர் வாசித்த அடிகளைச் சாம்ப்பிளாக எடுத்து வரிசைப்படுத்தித்தான் பெரும்பாலான பாடல்களின் தாளம் செய்யப்பட்டது. 'ஒன்லி ஷாலோ', 'கம் இன் அலோன்' இரண்டில்தான் நேரடியாக வாசித்தார். நீங்கள் இடைச்செருகலா என்று கேட்ட 'டச்டு' முழுக்க அவர் செய்தது. பேஸ் என்று அட்டையில் பெயர் இருக்கும் டெப்பி கூஜ் இந்த ஆல்பத்தில் வாசிக்கவில்லை. கிட்டாரும் பேஸும் ஏறத்தாழ முழுவதும் ஷீல்ட்ஸ்தான். புட்சரின் பங்கு குரலும், வரிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கும்.

1989 பிப்ரவரியில் தொடங்கியபோது ஐந்து நாளில் பதிந்துவிடலாம் என்று ஆல்பத்தை வெளியிட்ட கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் நினைத்ததாம். இரண்டு வருடத்துக்கு மேல், 19 ஸ்டுடியோ. அட்டையில் இருக்கும் எஞ்சினியர் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம், டீ போட்டுக் கொடுத்தவர் பெயரும் அதில் உண்டு. உண்மையில் கூடவே இருந்து வேலை செய்தவர்களில் ஆலன் மோல்டர் முக்கியமானவர். செலவு இரண்டரை லட்சம் பவுண்டு என்று சுற்றும் கதையை ஷீல்ட்ஸ் ஒப்புக்கொண்டதில்லை.

---

புதுக்காது

பேஸ் பூஸ்ட் நிறுத்தி, கேப்லெஸ் போட்டு, ஒயர் ஹெட்ஃபோன்ல ரெண்டாவது தடவை கேட்டேன். 'டு ஹியர் நோஸ் வென்'ல தாளம் இருக்கு, ஒத்துக்கறேன். ரொம்ப அடியில. மோனோ சோதனை நிஜமாவே ஆச்சரியம். இப்ப ஸ்ட்ராட் கேள்விக்கு யாராவது வாங்க. கிட்டார்ல ட்ரெமலோ ஆர்ம் இருக்கு, ஆனா ஆணி அடிச்ச மாதிரி கீழே மட்டும்தான் போகுது. ஒரு அழுத்து அழுத்தினா சுருதியே கலைஞ்சுடுது.

---

பெடல்பலகை

வரும் ப்ரோ. ஆனா பெடல்ல கை வைக்கறதுக்கு முன்னாடி கிட்டார் பின்பக்க மூடியைக் கழட்டுங்க. வேலை அங்கதான்.

ஷீல்ட்ஸ் வாசிக்கிறது ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார். அட்டையில இளஞ்சிவப்புல கலங்கித் தெரியறதும் ஜாஸ்மாஸ்டர்தான். அதோட ஆர்ம் மெத்துனு மேலேயும் போகும் கீழேயும் போகும். அந்த ஆர்மைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு, ஸ்ட்ரம் அடிக்கிற அதே அசைவுல லேசா அழுத்தி விட்டுக்கிட்டே வாசிக்கிறதுதான் 'க்ளைட் கிட்டார்'. ஒவ்வொரு அடிக்கும் கார்டு முழுசும் கொஞ்சம் தாழ்ந்து ஏறும். நீங்க டேப் கோளாறுன்னு நினைச்சது இதுதான்.

ஸ்ட்ராட்ல இதைக் கொண்டுவர பிரிட்ஜை (உடம்புப் பக்கம் தந்திகளைத் தாங்குற தகடு) மிதக்க விடணும். பின்னாடி குழியில ஸ்ப்ரிங் மாட்டியிருக்கிற தகட்டை ரெண்டு பெரிய ஸ்க்ரூ பிடிச்சிருக்கும். மூணு ஸ்ப்ரிங் இருந்தா போதும், அஞ்சு இருந்தா ரெண்டைக் கழட்டுங்க. ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா தளர்த்துங்க, ஒவ்வொரு தடவையும் திரும்ப ட்யூன் பண்ணுங்க. பிரிட்ஜோட பின்விளிம்பு உடம்புல இருந்து சுமார் 3 மில்லிமீட்டர் எழும்பினா நிறுத்திடலாம். மிதக்கிற பிரிட்ஜ்ல ஒரு தந்தியை ஏத்தினா மத்த அஞ்சும் இறங்கும். அதனால ஆறு தந்தியையும் மூணு நாலு சுத்து ட்யூன் பண்ணாத்தான் நிலைக்கு வரும். முதல் சுத்துலயே சரியா வரலையேன்னு ஸ்க்ரூவைத் திருகிக்கிட்டே போனா விடிஞ்சுடும். தந்தி உயரமும் இதுல மாறும், கடைசியா சேடில் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு தந்தியும் உட்கார்ற துண்டு) உயரத்தைப் பார்த்துச் சரி பண்ணுங்க.

சுருதி கலையறதுக்குக் காரணம் பெரும்பாலும் நட், அதாவது கழுத்தோட தலைமுனையில தந்திகள் உட்கார்ற பள்ளமுள்ள துண்டு. தந்தி அந்தப் பள்ளத்துல மாட்டிக்கிட்டுத் திரும்பி வராது. அழுத்தி விட்டதும் 'டிங்'னு ஒரு சத்தம் வந்தா அதேதான். தந்தியைத் தளர்த்தி, பென்சில் கரியைப் பள்ளத்துல நல்லா தேய்ங்க. தலைப்பக்கம் மெல்லிசுத் தந்திகளை அமுக்கிப் பிடிக்கிற சின்னக் கொக்கிக்கு அடியிலயும் தேய்ங்க. பழைய தந்தியோட இதெல்லாம் செஞ்சு பிரயோஜனமில்லை, புதுசு மாட்டுங்க. தடிமன் 10-46 ஓகே, 11ல ஆரம்பிக்கிறது இன்னும் நல்லது. புதுத் தந்தியைக் கையால இழுத்து இழுத்து நீட்டிட்டு அப்புறம் ட்யூன் பண்ணுங்க.

ஆர்ம் தொளதொளன்னு ஆடினா மரையில பிளம்பர் டேப் ரெண்டு மூணு சுத்து. நீங்க விட்ட இடத்துலயே நிக்கணும். ஷீல்ட்ஸோட ஆர்ம் வழக்கத்தைவிட நீளம், மேல தூக்கி நிக்கும். கையை இறக்காமலே பிடிக்கறதுக்குத்தான். பிக்கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்ல பிடிச்சு, மிச்ச விரலை ஆர்ம்மேல வளைச்சு வையுங்க. அழுத்தம் ரொம்பக் கொஞ்சம்: அரை ஸ்வரத்துக்குள்ள. ட்யூனர்ல ஊசியைப் பார்த்துப் பழகுங்க. ஒரு முழு ஸ்வரம் இறங்கினா அது வேற வாசிப்பு. புதுசா முயற்சி பண்றவங்க எல்லாரும் செய்யற தப்பு, ஸ்ட்ரம்மோட ஒத்துப்போகாம தனியா ஆர்மை ஆட்டறது. கை ஒரே வீச்சுல போகணும், ஆர்ம் சும்மா கூட வரணும்.

பாரே கார்டு (ஒரே விரலால எல்லாத் தந்தியையும் அமுக்கறது) பிடிச்சா இந்தச் சாயல் வராது. திறந்த தந்திகள் நிறைய ஒலிக்கணும். இந்த ஆல்பத்துல வழக்கமான ட்யூனிங்கைவிட மாற்று ட்யூனிங்தான் அதிகம். ஆரம்பத்துக்கு, கீழ் 'ஈ' தந்தியை 'டி'க்கு இறக்கி, மேல ரெண்டு தந்தியையும் ஒரே ஸ்வரத்துல வையுங்க. மேல் 'ஈ'யை 'பி' வரைக்கும் இறக்கினா தளர்ந்து சலசலக்கும், அந்த இடத்துக்கு இன்னும் தடிச்ச தந்தி ஒண்ணு மாட்டணும். ஒரே ஸ்வரத்துல இருக்கிற ரெண்டு தந்தி ஆர்மோட சேர்ந்து இறங்கும்போது கொஞ்சம் முன்னப்பின்ன இறங்கும். அந்த உரசல்தான் உங்களுக்கு வேணும்.

இப்ப பெடல். மல்டி எஃபெக்ட்ஸ்ல ரிவர்ப் (எதிரொலி) வகையில 'ரிவர்ஸ்'னு இருக்கும். ஷீல்ட்ஸ் வெச்சிருந்த ரிவர்ப் கருவிகள் யமஹா எஸ்பிஎக்ஸ்90, அலெசிஸ் மிடிவெர்ப் 2. முக்கியமான ரெண்டு விஷயம். ஒண்ணு, மிக்ஸ் 100 சதவீதம், நேரடிக் கிட்டார் சத்தம் துளிகூட வெளியே வரக்கூடாது. பாதிக்குப் பாதி வெச்சீங்கன்னா பிக் அடிக்கிற 'டக்' முன்னாடி வந்து நின்னு எல்லாத்தையும் கெடுத்துடும். ரெண்டு, வரிசை. ரிவர்ப் பொதுவா கடைசியில இருக்கும், இங்கே ஆம்ப் ஓவர்ட்ரைவுக்கு முன்னாடி. ரிவர்ப் ஆன சத்தத்தையே ஆம்ப் நசுக்கணும். கிட்டார்ல டோன் குமிழை 3, 4 வாக்குல இறக்கிடுங்க, இல்லேன்னா காது கிழியும். ரிவர்ப் நேரம் கால் விநாடியில ஆரம்பிச்சு, ஸ்ட்ரம் வேகத்தோட மோதாத வரைக்கும் ஏத்துங்க.

ஸ்ப்ரிங் குழிக்குள்ள பின்னணியில 'கிணுகிணு'ன்னு ஒண்ணு கேட்டா ஒரு துண்டு ஃபோம் அடைங்க. கோரஸ் போடாதீங்க, தயவு செஞ்சு.

---

மோனோபுத்தி

பெடல்பலகை சொன்னதுல ஒரு இடத்தைப் பிரிச்சுச் சொல்லணும், ஏன்னா 'ரிவர்ஸ் ரிவர்ப்'ங்கிற பேர்ல ரெண்டு சமாச்சாரம் இருக்கு.

கம்ப்யூட்டர்ல செய்யறது ஒண்ணு: பதிஞ்ச கிட்டாரைத் திருப்பிப் போட்டு, அதுக்கு முழு ரிவர்ப் கொடுத்து, அதைப் பதிஞ்சு, மறுபடியும் திருப்பணும். அப்போ ஸ்வரம் வர்றதுக்கு முன்னாடியே ரிவர்ப் ஊதிக்கிட்டு வரும். அழகா இருக்கும். ஆனா வாசிக்கிறவருக்கு அது வாசிக்கும்போது கேட்காது. எஸ்பிஎக்ஸ்90 செய்யறது வேற. எதையும் திருப்பறதில்லை. ஸ்வரம் அடிச்ச அப்புறம் வர்ற எதிரொலிகளைத் தேயவிடாம, மெல்ல வளர்ந்து சட்டுனு நிக்கிற மாதிரி அடுக்குது. அதனால உடனுக்குடனே கேட்கும், கை அதுக்கேத்த மாதிரி மாறும். அடிக்கிற அழுத்தத்தை மாத்தினா சத்தமும் மாறும். 'லவ்லெஸ்'ல கேட்கிற அந்த நனைஞ்ச சத்தம் ரெண்டாவது வகை. முதல் வகையைச் செஞ்சுட்டு 'வரலையே'ன்னு கேட்கிறவங்க நிறைய.

'ஐ ஒன்லி செட்'ல வா-வா பெடல் மாதிரி ஒண்ணு கேட்குமே, அதுவும் பெடல் இல்லை. கிராஃபிக் ஈக்வலைசர் வழியா போன கிட்டாரை மறுபடி டேப்புக்கு மாத்தும்போது பாராமெட்ரிக் ஈக்வலைசரைக் கையால திருகிக்கிட்டே பதிஞ்சது. வீட்ல செய்யணும்னா ஒரே ஒரு பட்டையை 12 டெசிபெல் ஏத்தி, கூர்மையா வெச்சு, 500 ஹெர்ட்ஸுக்கும் 2 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவுல ஆட்டோமேஷன்ல நகர்த்திப் பாருங்க. கிட்ட வரும்.

சுருதி ஆடறதைக் கமகத்தோட ஒப்பிட்டு நம்ம ஆட்கள் எழுதறதைப் பார்த்திருக்கேன். எனக்கு ஒப்புதல் இல்லை. கமகம் ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டுட்டு வர்றது, எங்கே போகணும் எங்கே திரும்பணும்னு ராகம் சொல்லும். இங்கே ஆறு தந்தியும் மொத்தமா ஒரே பக்கம் சாயுது, பாதை எதுவும் இல்லை. காதுக்கு இதமா இருக்கிறது ஒண்ணுதான் பொதுவானது.

ஆல்பம் பத்தி என் கருத்து, கேட்கலைன்னாலும்: ட்ரம்ஸ்தான் இதோட பலவீனம். சாம்ப்பிளை வரிசைப்படுத்தினதால 'லூமர்', 'ப்ளோன் எ விஷ்' ரெண்டுலயும் தாளத்துக்கு மூச்சே இல்லை. 1988ல வந்த முந்தின ஆல்பம் 'இஸிண்ட் எனிதிங்'ல கால்ம் வாசிக்கிறதைக் கேளுங்க, ஆளு பறப்பார். இந்த ஆல்பத்துல தாளம் உண்மையிலேயே முன்னுக்கு வர்றது 'சூன்'ல மட்டும்தான். அதனாலதான் உங்களுக்கு அது தனியா தெரியுது. கேப்லெஸ் போட்டாலும் அது தனிதான்.

---

நடுத்தந்தி

மோனோபுத்தி, 'லூமர்' விஷயத்தில் உடன்பாடு இல்லை. தாளம் உயிரோடு முன்னால் வந்திருந்தால் காது அதைப் பிடித்துக்கொண்டு கிட்டாரை அளக்க ஆரம்பித்திருக்கும். சுருதி ஆடுவது அப்போது பிழையாகத்தான் கேட்கும். அடி தட்டையாக, கீழே இருப்பதால்தான் ஆட்டம் பாட்டின் இயல்பாக மாறுகிறது. 'டு ஹியர் நோஸ் வென்' இதற்குச் சரியான சாட்சி: தாளத்தை ஏறத்தாழ கரைத்தே விட்டார்கள், அந்தப் பாட்டில்தான் சுருதி அதிகம் அலைகிறது. 'ப்ளோன் எ விஷ்' பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதில் குரல் அடுக்குகள்தான் எல்லாம், தாளம் கடமைக்கு இருக்கிறது.

புதுக்காது, மூன்றாவது தடவை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு 'கம் இன் அலோன்' கேளுங்கள். கார்டு எங்கே மாறுகிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். பிறகு மேலே கிட்டார் எவ்வளவு குழம்பினாலும் வழி தவறாது.

---

புதுக்காது

நன்றி எல்லாருக்கும். பிரிட்ஜ் மிதக்குது, பென்சில் கரி வேலை செய்யுது. ரிவர்ஸ் ரிவர்ப் என் பெடல்ல இருக்கு, ஆனா மிக்ஸ் 80க்கு மேல போகலை. அடுத்து எதைக் கேட்கலாம்? அந்த 2012 ரெட்டை சிடி பழசு ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?

---

பெடல்பலகை

80லயே நின்னா கிட்டாரோட வால்யூம் குமிழை இறக்கிட்டு, சுண்டுவிரலால ஒவ்வொரு ஸ்ட்ரம்முக்கும் ஏத்துங்க. இல்லேன்னா, பெடல்ல ஸ்லோ அட்டாக் இல்லேன்னா ஸ்வெல்னு ஏதாவது இருந்தா அதை ரிவர்ப்புக்கு முன்னாடி போடுங்க. 'டக்' மழுங்கிடும். சில பெடல்ல 'கில் ட்ரை'ன்னு ஒரு வசதி மெனுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதையும் தேடிப் பாருங்க.

---

கேசட்காலம்

அடுத்து: இந்தக் குழுவோட 'க்ளைடர்', 'ட்ரெமலோ' ஈபிகள். ஆல்பத்துல இல்லாத 'டோண்ட் ஆஸ்க் வை', 'ஹனி பவர்', 'ஸ்வாலோ' எல்லாம் அங்கே இருக்கு. தனித்தனியா தேட வேண்டாம், 2012ல வந்த 1988-1991 ஈபி தொகுப்புல எல்லாம் சேர்த்தே கிடைக்கும். வேற ஆட்கள்னா ரைடோட 'நோவேர்' (1990), ஸ்லோடைவோட 'சூவ்லாக்கி' (1993). கிட்டார் சத்தம் எங்கேருந்து மென்மையாச்சுன்னு தெரியணும்னா காக்டோ ட்வின்ஸ். இதே குழுவோட 2013ல வந்த ஆல்பம் 'எம்பிவி'யை உடனே எடுக்காதீங்க, 'லவ்லெஸ்' நல்லா பழகினதுக்கு அப்புறம் அது ரெட்டிப்பா கொடுக்கும்.

இந்தக் குழுவைச் சத்தமாத்தான் கேட்கணும்னு ஒரு பேச்சு உண்டு. அவங்க மேடையில வாசிக்கிறது உண்மையாவே அபாயமான சத்தம், 2008 நிகழ்ச்சிகள்ல வாசல்லயே காது அடைப்பான் கொடுத்தாங்க. வீட்ல அது தேவையில்லை. 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம் வரை தாங்கும்னு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94ல ஒரு மணி நேரம், 97ல அரை மணி. ஆல்பம் 48 நிமிஷம், அதனால 97 வெச்சா முழுசா கேட்டு முடிக்கிறதுக்குள்ளேயே எல்லை தாண்டிடும். ஃபஸ் சத்தம் தொடர்ச்சியா இருக்கிறதால காது சீக்கிரம் மரத்துப்போய், இன்னும் ஏத்தலாம்னு தோணும். ஆரம்பத்துலயே ஒரு அளவு வெச்சுட்டு குமிழைத் தொடாதீங்க.

ரெட்டை சிடி: விலை நியாயமா இருந்தா வாங்குங்க. ஒரே விஷயம், அந்த வெளியீட்டுல ரெண்டு சிடியோட பேரும் மாறி அச்சாகி வந்த பிரதிகள் உண்டு. 'அனலாக் டேப்'னு எழுதியிருக்கிறது நிஜமா மத்ததா இருக்கலாம். உறை சொல்றதை மறந்துட்டு, ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ரீப்ளேகெயின் பார்த்து அளவைச் சமப்படுத்தி, 'சம்டைம்ஸ்'ஸோட முதல் ஒரு நிமிஷத்தை மாத்தி மாத்திக் கேளுங்க. விக்கிறவர்கிட்ட ரெண்டு சிடியோட அடிப்பக்கமும் கீறல் இல்லாத ஃபோட்டோ கேட்டு வாங்குங்க, இந்த ரெட்டை உறையில சிடியை உருவி எடுக்கும்போதுதான் கீறல் விழுது.